நிலையத்தில் ஆள் வேண்டும்

2013 நவம்பர் 21 அன்று லண்டன் சுரங்க ரயில் நிர்வாகம் தன் நிலையங்களைப் பற்றி ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. 2015-க்குள் எல்லா நிலையங்களிலும் டிக்கெட் கவுன்டர்கள் மூடப்படும். நிலையப் பணியிடங்களில் 950 நீக்கப்படும். வார இறுதிகளில் ஐந்து தடங்களில் விடிய விடிய ரயில் ஓடும். அந்த இரவுச் சேவைக்காகச் சேர்க்கப்படும் இடங்களைக் கழித்துப் பார்த்தால் 750 இடங்கள் இல்லாமல் போகும். திட்டத்துக்கு நிர்வாகம் வைத்த பெயர் 'ஃபிட் ஃபார் த ஃப்யூச்சர்'. ரயில் ஊழியர்களின் பெரிய சங்கமான ஆர்.எம்.டி. 'எவ்ரி ஜாப் மேட்டர்ஸ்', அதாவது ஒவ்வொரு வேலையும் முக்கியம், என்ற பெயரில் எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியது. இடையிடையே அடங்கியும் மீண்டும் எழுந்தும் மூன்றாண்டுக்கு மேல் நடந்த அந்த இயக்கம், நகர ரயில் நிலையங்களில் ஆள்குறைப்பை எதிர்த்து நடந்த போராட்டங்களில் கூர்ந்து படிக்கத் தக்கது. அதன் வெற்றியும் தோல்வியும் வெளிப்படையாகத் தெரிகின்றன.

திட்டத்துக்குப் பின்னால் பணக் கணக்கு இருந்தது. லண்டன் போக்குவரத்துக்கு மத்திய அரசு தரும் இயக்க மானியத்தில் கால் பங்கு வெட்டப்படும் என்று 2013 ஜூனில் நிதியமைச்சகம் அறிவித்திருந்தது. அதற்குள் டிக்கெட் வாங்கும் முறையும் மாறிப்போயிருந்தது. 2003-இல் வந்த ஆய்ஸ்டர் அட்டையை நுழைவாயிலில் தொட்டுவிட்டுப் போவதே பெரும்பாலோர் வழக்கம். 2014 செப்டம்பரில் வங்கி அட்டையையே தொட்டுவிட்டுப் போகும் வசதியும் வரவிருந்தது. பயணங்களில் மூன்று சதவீதத்துக்கும் குறைவானவையே டிக்கெட் கவுன்டரில் தொடங்குகின்றன என்று நிர்வாகம் சொன்னது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை வெளியே கொண்டுவந்து, பயணிகள் நடமாடும் கூடத்தில் நிறுத்தினால் உதவி கூடும் என்பது அதன் வாதம். ரயில் ஓடும் நேரம் முழுவதும் எந்த நிலையமும் ஆளில்லாமல் இருக்காது, யாரையும் கட்டாயமாக வேலையை விட்டு அனுப்பமாட்டோம் என்றும் அது உறுதி கூறியது.

இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று சதவீதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்போது சுரங்க ரயிலில் ஆண்டுக்கு 120 கோடிக்கு மேற்பட்ட பயணங்கள் நடந்தன. அதில் மூன்று சதவீதம் என்றால் மூன்றரைக் கோடிக்கு மேல். கவுன்டருக்கு வருபவர்கள் எந்திரத்தால் தீர்க்க முடியாத சிக்கலோடு வருபவர்கள்: கூடுதலாகக் காசு பிடிக்கப்பட்டவர், சலுகை அட்டை வேலை செய்யாதவர், பார்வை இல்லாதவர், ஊருக்குப் புதியவர், ரொக்கம் மட்டுமே கையில் உள்ளவர். எளிய வேலையெல்லாம் எந்திரத்துக்குப் போன பிறகு மனிதரிடம் மிஞ்சுவது கடினமான வேலைதான். எண்ணிக்கை குறைந்ததால் அதன் தேவையும் குறைந்துவிட்டது என்று கொண்டதே நிர்வாகக் கணக்கின் முதல் பிழை.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரிது. விற்ற டிக்கெட்டை வைத்து நிலைய ஊழியரை அளந்தார்கள். நிலைய ஊழியரின் வேலையில் பெரும்பகுதி எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. நடைமேடையில் கூட்டம் அளவு மீறினால் நுழைவாயிலை மூடி வெளியிலேயே ஆட்களை நிறுத்திவைப்பது அவர்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்பலகை போட்டு ரயிலில் ஏற்றி, அவர் இறங்கும் நிலையத்துக்குப் போன் செய்து, அங்கே இன்னொருவரைப் பலகையோடு காத்திருக்கச் செய்வதும் அவர்களே. மாற்றுத்திறனாளிகள் முன்பதிவு இல்லாமல் நினைத்த நேரத்தில் வந்து பயணம் செய்யலாம் என்பது லண்டன் சுரங்க ரயிலின் பெருமைக்குரிய ஏற்பாடு. அந்த உரிமை ஆள் இருந்தால் மட்டுமே நடப்புக்கு வரும். தண்டவாளத்தின் விளிம்பில் தடுமாறி நிற்பவரைக் கண்டு பேச்சுக் கொடுத்துப் பின்னுக்கு அழைத்துவருவதும் இந்த ஊழியர்கள்தான். தானியங்கி நுழைவாயில்கூட ஆள் இல்லாமல் இயங்க முடியாது. அதைக் கவனிக்க யாரும் இல்லையென்றால், பாதுகாப்பு கருதி வாயிலைத் திறந்தே விட வேண்டும் என்பது விதி. ஆளைக் குறைத்து மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி திறந்த வாயில் வழியே வெளியேறிவிடும்.

எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கேள்வி லண்டனில் வெறும் நிர்வாகக் கேள்வி அல்ல. அதற்குப் பின்னால் 31 உயிர்கள் இருக்கின்றன. 1987 நவம்பர் 18 மாலை ஏழரை மணியளவில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில், பிக்காடில்லி தடத்திலிருந்து மேலே வரும் மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் தீப்பிடித்தது. யாரோ போட்ட தீக்குச்சி இடுக்கு வழியே விழுந்து, அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த கிரீசிலும் குப்பையிலும் பற்றிக்கொண்டது. சிறிய தீயாகத்தான் தொடங்கியது. அதைப் பார்த்த பயணி ஒருவர் முதலில் போய்ச் சொன்னது டிக்கெட் கவுன்டரில் இருந்த எழுத்தரிடம். அவர் உடனே நிலைய ஆய்வாளருக்குப் போன் செய்தார். ஆனால் பணியில் இருந்தவர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி இல்லை. படிக்கட்டுக்கு அடியில் இருந்த நீர்த்தெளிப்புக் கருவியை யாரும் இயக்கவில்லை. பயணிகளை வெளியேற்ற ஒழுங்கான திட்டமும் இல்லை. கால் மணி நேரத்தில் தீ ஒரே வீச்சாக மேலெழுந்து டிக்கெட் கூடத்தைச் சூழ்ந்தது. இறந்தவர்களில் தீயணைப்பு அதிகாரி ஒருவரும் உண்டு.

டெஸ்மண்ட் ஃபெனெல் தலைமையில் 91 நாள் பொது விசாரணை நடந்து, 1988 நவம்பரில் அறிக்கை வெளிவந்தது. அதில் 157 பரிந்துரைகள். மரப் படிகளை மாற்றுதல், புகைபிடிக்கத் தடை, ஊழியர் பயிற்சி, தகவல் தொடர்பு என்று அவை விரிந்தன. தொடர்ந்து 1989-இல் பூமிக்கடியில் உள்ள ரயில் நிலையங்களுக்கான தீத்தடுப்பு விதிகள் சட்டமாயின. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நேரம் முழுவதும் இத்தகைய நிலையத்தில் குறைந்தது இரண்டு ஊழியராவது இருந்தாக வேண்டும் என்று அவை விதித்தன. தீத்தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் கீழ் வந்தவை என்பதால் இந்த நிலையங்களை ஊழியர்கள் இன்றும் 'செக்‌ஷன் 12' நிலையங்கள் என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் அமைப்பையும் கூட்டத்தையும் பொறுத்துக் குறைந்தபட்ச ஆள்கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்குக்குக் கீழே போனால் நிலையத்தைத் திறக்க முடியாது.

ஆள்குறைப்புக்கு எதிராகச் சங்கங்கள் எழுப்பிய வாதங்களின் முதுகெலும்பு இதுதான். குறைந்தபட்சம் என்பது நெருக்கடியில் தாங்கும் எல்லை. பணியிடங்களை வெட்டும்போது அதுவே அன்றாட அளவாகிவிடுகிறது. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் நிலையம் மூட வேண்டியதாகிறது. இல்லையென்றால் ஓவர்டைம் பார்க்க யாரையாவது கெஞ்ச வேண்டியதாகிறது. நகரின் ஓரங்களில் தரைமேல் உள்ள நிலையங்களுக்கு இந்த விதி பொருந்தாததால், அங்கே அதிகாலையிலும் பின்னிரவிலும் ஒற்றை ஆள் மட்டும் நிற்கும் நிலை வரும். குடிபோதையில் வருபவரிடம் தனியாக அகப்பட்ட ஊழியரின் நிலையை எண்ணிப் பார்த்தால் சங்கங்களின் அச்சம் புரியும். 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புகளின்போது இருட்டுச் சுரங்கத்துக்குள் முதலில் இறங்கி உதவியவர்களில் நிலைய ஊழியர்கள் இருந்தார்கள் என்பதையும் லண்டன் மக்கள் மறந்திருக்கவில்லை.

ஆள்குறைப்பு முயற்சி 2013-இல் திடீரென்று முளைத்ததல்ல. கென் லிவிங்ஸ்டன் மேயராக இருந்தபோதே சுமார் 40 கவுன்டர்களை மூட ஒரு யோசனை இருந்தது. 2008 தேர்தலில் அதை எதிர்த்துப் பேசியவர் போரிஸ் ஜான்சன். கவுன்டர்களைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்து மேயரானார். அவர் பதவிக் காலத்தில்தான் 2010-இல் சுமார் 800 நிலையப் பணியிடங்கள் வெட்டப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஆர்.எம்.டி.யும் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற இன்னொரு சங்கமும் சேர்ந்து அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை நான்கு முறை 24 மணி நேர வேலைநிறுத்தம் செய்தன. ஆனாலும் 2011 தொடக்கத்தில் அந்த வெட்டு நடைமுறைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில் எல்லாக் கவுன்டர்களையும் மூடும் திட்டத்தோடு அதே மேயர் வந்தார். தேர்தல் வாக்குறுதி இவ்வளவு வெளிப்படையாகக் கைவிடப்பட்டது ஊழியர்களின் கோபத்தைக் கூட்டியதில் வியப்பில்லை.

போராடிய சங்கங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆர்.எம்.டி. 1990-இல் ரயில்வே ஊழியர் சங்கமும் கடல்தொழிலாளர் சங்கமும் இணைந்து உருவானது. துப்புரவாளர் முதல் ஓட்டுநர் வரை எல்லா நிலைப் பணியாளர்களையும் ஒரே குடையின் கீழ் சேர்ப்பது அதன் கொள்கை. டி.எஸ்.எஸ்.ஏ. 1897-இல் ரயில்வே எழுத்தர்கள் தொடங்கிய சங்கம். கவுன்டர் ஊழியர்களும் மேற்பார்வையாளர்களும் அதில் மிகுதி. ஓட்டுநர்களில் பெரும்பாலோர் ஆஸ்லெஃப் என்ற தனிச் சங்கத்தில் இருந்தார்கள். அது இந்தப் போராட்டத்தின் வேலைநிறுத்தங்களில் சேரவில்லை. ஆகையால் ரயில்கள் ஓரளவு ஓடவே செய்தன. நிலையங்கள்தான் மூடின.

2014 ஜனவரியில் ஆர்.எம்.டி. நடத்திய அஞ்சல் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வேலைநிறுத்தத்தை ஆதரித்தார்கள். பிப்ரவரி 4 இரவு தொடங்கி 48 மணி நேரம் வேலைநிறுத்தம் நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் பேருந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டும் நடந்தும் வேலைக்குப் போனார்கள். அந்த நாட்களில் மேயர் பங்கேற்ற வானொலி நிகழ்ச்சிக்கு ஆர்.எம்.டி. பொதுச்செயலாளர் பாப் குரோ தொலைபேசியில் அழைத்து நேரடியாக வாதாடினார். நகரத்தின் மேயரும் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் தலைவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசாமல் வானொலி வழியாகப் பேச வேண்டியிருந்தது, பேச்சுவார்த்தை எந்த அளவுக்குச் சீர்குலைந்திருந்தது என்பதைக் காட்டிவிட்டது. அடுத்த வாரம் நடக்கவிருந்த இரண்டாவது வேலைநிறுத்தம், சமரச அமைப்பான ஏகாஸில் நடந்த பேச்சுக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டது. நிலையம் நிலையமாக மறுபரிசீலனை செய்ய நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

மார்ச் 11 அன்று பாப் குரோ மாரடைப்பால் இறந்தார். வயது 52. பதினாறு வயதில் லண்டன் போக்குவரத்தில் தண்டவாளப் பணியாளாகச் சேர்ந்தவர் அவர். பத்திரிகைகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கையோ அவர் காலத்தில் வளர்ந்தது. போராட்டத்தின் நடுவில் நேர்ந்த அந்த இழப்பு இயக்கத்தை நிறுத்திவிடவில்லை. மறுபரிசீலனையில் பொருட்படுத்தத் தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று கூறி ஏப்ரல் 28 இரவு முதல் மீண்டும் 48 மணி நேரம் ஆர்.எம்.டி. வேலைநிறுத்தம் செய்தது. மே மாதத்துக்கு அறிவித்திருந்த அடுத்த வேலைநிறுத்தம், பேச்சில் கிடைத்த சில உறுதிமொழிகளின் பேரில் கைவிடப்பட்டது.

இந்தக் கட்டத்தில் இயக்கம் தன் முக்கியக் கோரிக்கையில் தோற்றது. 2015 பிப்ரவரியில் கவுன்டர்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாமே மூடப்பட்டன. சில பெரிய நிலையங்களில் மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்கான தகவல் மையங்கள் அமைந்தன. பழைய பதவிகள் கலைக்கப்பட்டுப் புதிய பெயர்களில் பணிகள் வகுக்கப்பட்டன. ஒரு நிலையத்தோடு இருந்த பிணைப்பு அறுந்து, பல நிலையங்களுக்கு மாறி மாறிப் போகும் முறை வந்தது. தன் நிலையத்தின் ஒவ்வொரு கதவையும் அவசர வழியையும் அறிந்த ஊழியருக்கும், அன்றைக்கு மட்டும் அங்கே வந்து நிற்பவருக்கும் உள்ள வேறுபாடு நெருக்கடி நேரத்தில்தான் தெரியும். இந்த ஏற்பாட்டில் மிக மோசமான அம்சம் இதுவே; கவுன்டர் மூடலைப் போல இது பொதுமக்கள் கண்ணில் படவில்லை.

தோல்விக்குக் காரணம் ஊழியர்களின் உறுதிக் குறைவு அல்ல. சுரங்க ரயில் கவுன்டர்களை மூடுவதற்கு முன் பயணிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்காகவும் முதியோருக்காகவும் போராடும் 'டிரான்ஸ்போர்ட் ஃபார் ஆல்' அமைப்பு தொடக்கத்திலிருந்தே எதிர்த்தது. ஊழியரும் பயணிகளும் ஒரே குரலில் பேசும் முயற்சிகளும் நடந்தன. ஆனால் பயணியின் கருத்தை நிர்வாகம் கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை இல்லாதபோது, சங்கத்திடம் எஞ்சிய கருவி வேலைநிறுத்தம் ஒன்றுதான். அதனால் முதலில் வதைபடுவது பயணி. நிர்வாகமும் பத்திரிகைகளும் அந்த வதையை ஊழியர்மீது திருப்பிவிட்டன. வாக்கெடுப்பில் கலந்துகொண்டவர்கள் பாதிக்கும் குறைவு என்பதைப் பிடித்துக்கொண்டு சட்டத்தையே கடுமையாக்க வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. 2016 தொழிற்சங்கச் சட்டம் அதைச் செய்தது. வேலைநிறுத்த வாக்கெடுப்பில் உறுப்பினர்களில் பாதிப்பேராவது வாக்களிக்க வேண்டும் என்று அது விதித்தது. போக்குவரத்து போன்ற முக்கியச் சேவைகளில் மொத்த உறுப்பினர்களில் 40 சதவீதத்தினர் ஆதரிக்க வேண்டும் என்றும் விதித்தது. அதோடு முன்னறிவிப்புக் காலம் ஏழு நாளிலிருந்து பதினான்கு நாளாக நீண்டது. இணையம் வழியே எல்லாம் நடக்கும் காலத்தில் வாக்கெடுப்பை மட்டும் அஞ்சலிலேயே நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் நீடித்தது. நேர்மையான வாக்கெடுப்புதான் நோக்கம் என்றால் இதை விளக்குவது கடினம்.

2016 மே மாதம் சாதிக் கான் மேயரானார். கவுன்டர் மூடலின் விளைவை ஆராயும்படி பயணிகள் கண்காணிப்பு அமைப்பான லண்டன் டிராவல்வாட்சிடம் கேட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான அறிக்கை, நிலையங்களில் உதவிக்கு ஊழியரைக் கண்டுபிடிப்பதே பலருக்குச் சிரமமாக இருக்கிறது என்று காட்டியது. ஊழியர் எளிதில் கண்ணில் படும்படியான உடையும், உதவி கிடைக்கும் இடம் இதுவென்று தெளிவாகத் தெரியும்படியான ஏற்பாடும் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கண்ணாடிக்கு வெளியே வந்தால் உதவி கூடும் என்ற பழைய வாதம் நடைமுறையில் பலிக்கவில்லை என்பதே இதன் பொருள். கவுன்டர் இருந்தபோது எங்கே போய் நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதற்கிடையில் ஊழியர்கள் ஓவர்டைம் பார்க்க மறுக்கும் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஓவர்டைம் என்பது விருப்பத்தின் பேரில் செய்யும் கூடுதல் வேலை. அதை நிறுத்தியதுமே நிலையங்களைத் திறந்துவைக்க முடியாமல் போகிறது என்றால், நிரந்தர ஆள்பலம் போதவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. வேலைநிறுத்தத்தைவிட அமைதியான இந்த முறை ஊழியர்களின் வாதத்தை நிறுவ அதிகம் உதவியது.

2017 ஜனவரி 8 ஞாயிறு மாலை ஆறு மணிக்கு 24 மணி நேர வேலைநிறுத்தம் தொடங்கியது. நகர மையத்தில் உள்ள நிலையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. விக்டோரியா, கிங்ஸ் கிராஸ், வாட்டர்லூ, யூஸ்டன் போன்ற பெரிய சந்திப்புகளில் சுரங்க ரயில் நிற்கவில்லை. ஓட்டுநர்கள் இருந்தும் நிலைய ஊழியர் இல்லாமல் நகரத்துக்கு ரயில் பயன்படாது என்பது அந்தத் திங்கட்கிழமை காலையில் தெளிவானது. தொடர்ந்து பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டிருந்த வேலைநிறுத்தம் பேச்சுவார்த்தையால் நின்றது. அந்த ஆண்டில் நிலையங்களுக்கு 325 பேரைக் கூடுதலாகச் சேர்க்க நிர்வாகம் உடன்பட்டது. வெட்டப்பட்டவை ஏறத்தாழ 900 என்பது சங்கத்தின் கணக்கு; திரும்பி வந்தது அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். முழு வெற்றி அல்ல. ஆனாலும் வெட்டிய பணியிடங்கள் இந்த அளவுக்குத் திரும்பிவருவது பொதுத்துறையில் அரிது.

அந்த ஆதாயமும் நிலைக்கவில்லை. கொரோனாத் தொற்றுக் காலத்தில் பயணிகள் வராமல் வருமானம் சரிந்தது. மத்திய அரசு நிபந்தனைகளோடு நிதி தந்தது. காலியாகும் நிலையப் பணியிடங்களில் 500 முதல் 600 வரை நிரப்பப்படாது என்ற அறிவிப்பு வந்தபோது, 2022 மார்ச் 1-இலும் 3-இலும் சுரங்க ரயில் ஊழியர்களும், ஜூன் 6-இல் நிலைய ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். யாரையும் வெளியேற்றாமல், போனவர் இடத்தை நிரப்பாமல் விடும் இந்த முறை எதிர்ப்பதற்கு மிகக் கடினமானது. வேலை இழந்தவர் என்று சுட்டிக்காட்ட ஒரு முகமும் இருக்காது.

2023-இல் போராட்டம் வேறு களத்துக்குப் போனது. ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் ரயில் நிறுவனங்கள் தரைவழி ரயில்களின் ஏறத்தாழ ஆயிரம் டிக்கெட் கவுன்டர்களை மூடும் திட்டத்தை அறிவித்தன. சொல்லப்பட்ட காரணம் பழையதே: கவுன்டரில் விற்பது மொத்த டிக்கெட்டில் 12 சதவீதம்தான். ஆனால் இங்கே ஒரு முக்கிய வேறுபாடு இருந்தது. ரயில்வே தனியார்மயமான காலத்து ஒப்பந்தம் ஒன்றின்படி, கவுன்டரை மூடுவதற்கு முன் பயணிகளிடம் கருத்துக் கேட்டு, டிரான்ஸ்போர்ட் ஃபோகஸ், லண்டன் டிராவல்வாட்ச் ஆகிய இரு கண்காணிப்பு அமைப்புகளின் ஆய்வுக்கு விட வேண்டும். முதலில் கொடுத்த அவகாசம் 21 நாள் மட்டுமே. மாற்றுத்திறனாளிகள் வழக்கு எச்சரிக்கை விடுத்தார்கள். ஐந்து நகர்ப்புற மேயர்களும் அப்படியே எச்சரித்தார்கள். அவகாசம் செப்டம்பர் 1 வரை நீண்டது.

ஆர்.எம்.டி. இந்த முறை நிலைய வாசல்களில் நின்று பயணிகளைக் கருத்து எழுதவைத்தது. பார்வையற்றோர் அமைப்புகளும் முதியோர் அமைப்புகளும் உள்ளூர் மன்றங்களும் சேர்ந்துகொண்டன. வந்து சேர்ந்த கருத்துகள் ஏழரை லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய எல்லாமே எதிர்ப்பு. அக்டோபர் 31 அன்று இரு கண்காணிப்பு அமைப்புகளும் திட்டத்தை ஏற்க மறுத்தன. அன்றே போக்குவரத்து அமைச்சர் மார்க் ஹார்ப்பர் திட்டத்தைத் திரும்பப் பெறும்படி நிறுவனங்களிடம் கேட்டுக்கொண்டார்.

இரண்டு போராட்டங்களிலும் சங்கம் ஒன்றே, வாதமும் ஏறக்குறைய ஒன்றே. 2013-இல் பயணியைக் கேட்கும் கட்டாயம் இல்லை, 2023-இல் இருந்தது. நகர ரயில்களை நடத்தும் எந்த அரசும், நிலையத்தில் ஆளைக் குறைக்கும் முன் பயணிகளின் கருத்தைக் கேட்பதைச் சட்டக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே லண்டன் அனுபவத்திலிருந்து எழும் கோரிக்கை.